டைமண்ட் பிரின்சஸ் எந்த நாட்டுக் கப்பல்?

2020 பிப்ரவரி 3-ஆம் தேதி, டைமண்ட் பிரின்சஸ் என்ற பயணிகள் கப்பல் ஜப்பானின் யோகோஹாமாவுக்குத் திரும்பியது. ஜனவரி 20-ஆம் தேதி அதே ஊரிலிருந்து கிளம்பி ஹாங்காங், வியட்நாம், தைவான், ஒகினாவா என்று சுற்றிவிட்டு வந்திருந்தது. ஜனவரி 25-ஆம் தேதி ஹாங்காங்கில் இறங்கிப்போன 80 வயதுப் பயணி ஒருவருக்கு கொரோனா தொற்று என்பது பிப்ரவரி 1-ஆம் தேதியே தெரிந்துவிட்டது. அதனால் யாரையும் இறங்க விடாமல் ஜப்பான் சுகாதார அதிகாரிகள் கப்பலில் ஏறினார்கள். முதல் சோதனை முடிவுகள் வந்ததும், 5-ஆம் தேதி 14 நாள் தனிமைப்படுத்தல் அறிவிக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் 3,711 பேர்: பயணிகள் 2,666, ஊழியர்கள் 1,045. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் மக்கள். எல்லாம் முடிந்தபோது 712 பேருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

நோய் எப்படிப் பரவியது என்பதைப் பற்றி மருத்துவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது வேறொரு கேள்வியை. அந்த நாட்களில் ஜப்பான் தன் மருத்துவர்களையும் தற்காப்புப் படையினரையும் அனுப்பியது. நோயாளிகளைத் தன் மருத்துவமனைகளில் சேர்த்தது. அதே சமயம், சர்வதேச கடல் சட்டப்படி ஒரு கப்பலின் மீது முதல் அதிகாரம் கொடி நாட்டுக்குத்தான், அதாவது அது பதிவான நாட்டுக்குத்தான் என்பதையும் சுட்டிக்காட்டியது. கொடி பிரிட்டனுடையது. பிரிட்டனோ பூமிப்பந்தின் மறுபக்கத்தில் இருந்தது. கப்பலை இயக்கும் நிறுவனத்தின் அலுவலகம் அமெரிக்காவில். இத்தனை நாடுகள் சம்பந்தப்பட்ட ஒரு கப்பலுக்கு ஆபத்து வந்தால் பொறுப்பு யாருடையது?

பதில் கிடைக்க வேண்டுமானால் அந்தக் கப்பலின் சொந்தக்காரர் யார் என்று தேடிப் போக வேண்டும். தேடினால் இந்தத் தொழில் முழுக்க எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

சொந்தக்காரர் யார்?

டைமண்ட் பிரின்சஸ் ஜப்பானின் நாகசாகியில் மிட்சுபிஷி கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 2004-இல் ஓடத் தொடங்கியது. முதலில் பெர்முடாவில் பதிவு. பிறகு லண்டனுக்கு மாறியது. கேப்டன் இத்தாலியர். இயக்கியது பிரின்சஸ் குரூசஸ். அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகம் கலிபோர்னியாவின் சான்டா கிளாரிட்டாவில் இருந்தாலும், சட்டப்படி அது பெர்முடாவில் பதிவான கம்பெனி. அதற்கு மேலே இருப்பது கார்னிவல் குழுமம். அன்றைய நிலவரப்படி கார்னிவல் ஒரு கம்பெனி அல்ல, இரண்டு: பனாமாவில் பதிவாகி நியூயார்க் பங்குச் சந்தையில் விற்கும் கார்னிவல் கார்ப்பரேஷன், இங்கிலாந்தில் பதிவாகி லண்டன் பங்குச் சந்தையில் விற்கும் கார்னிவல் பி.எல்.சி. இரண்டுக்கும் ஒரே இயக்குநர் குழு, ஒரே நிர்வாகம். அந்த நிர்வாகம் உட்கார்ந்திருப்பது பனாமாவிலும் இல்லை, லண்டனிலும் இல்லை. மயாமிக்குப் பக்கத்தில் டோரல் என்ற ஊரில்.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததல்ல. டெல் அவிவில் பிறந்த டெட் அரிசன் 1966-இல் நார்வேக்காரரான நட் குளோஸ்டருடன் சேர்ந்து மயாமியிலிருந்து கரீபியன் பயணங்களைத் தொடங்கினார். அந்தக் கூட்டு முறிந்த பிறகு, 1972-இல் ஒரு பழைய கப்பலை வாங்கி மார்டி கிரா என்று பெயர் வைத்து கார்னிவலை ஆரம்பித்தார். முதல் பயணத்திலேயே அது மயாமி கடற்கரைக்கு எதிரே மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது. இரண்டு வருடத்தில் நிறுவனமே கடனில் மூழ்க, கூட்டாளியின் பங்கை 1 டாலருக்கு வாங்கிக்கொண்டு, சுமார் 50 லட்சம் டாலர் கடனையும் அரிசன் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். 1987-இல் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். அப்புறம் வாங்கிக்கொண்டே போனார்கள்: 1989-இல் ஹாலந்து அமெரிக்கா லைன், 1997-இல் இத்தாலியின் கோஸ்டா, 1998-இல் குனார்ட். 2003-இல் ராயல் கரீபியன் என்ற இன்னொரு பெரிய கப்பல் நிறுவனத்தோடு போட்டி போட்டு, பி அண்ட் ஓ பிரின்சஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தை இணைத்துக்கொண்டார்கள். இரண்டு நாட்டுப் பங்குச் சந்தைகளில் நின்ற அந்த இரட்டைக் கம்பெனி அமைப்பு இந்த இணைப்பில் பிறந்ததுதான்.

வாங்கிய பெயர்களை அவர்கள் அழிக்கவில்லை. ஜெர்மானியருக்கு ஐடா, இத்தாலியருக்கு கோஸ்டா, ஆங்கிலேயருக்கு பி அண்ட் ஓ என்று அந்தந்த மக்களுக்குப் பழகிய பெயரிலேயே கப்பல் வந்து நிற்கும். ஏறுகிறவருக்கு அது தன் நாட்டு நிறுவனம் என்ற எண்ணம். பணம் போய்ச் சேருவது ஒரே இடத்துக்கு.

கொடியும் வரியும்

கார்னிவலுக்கு 2019 நல்ல வருடம். வருவாய் 2,080 கோடி டாலர், நிகர லாபம் சுமார் 300 கோடி டாலர். வருமான வரியாகக் கணக்கில் காட்டிய தொகை 7.1 கோடி டாலர். அதாவது 100 டாலர் லாபத்துக்கு வரி இரண்டரை டாலர்கூட வரவில்லை.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 883-ஆம் பிரிவு, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று சர்வதேசக் கடலில் கப்பல் ஓட்டிச் சம்பாதித்தால், அந்தக் கம்பெனியின் தாய்நாடும் அமெரிக்கக் கப்பல்களுக்கு அதே சலுகையைக் கொடுக்கும்பட்சத்தில், அந்த வருமானத்துக்கு விலக்கு தருகிறது. 2019-இல் இந்தத் தொழிலின் மூன்று பெரிய நிறுவனங்களில் கார்னிவல் பனாமா கம்பெனி, ராயல் கரீபியன் லைபீரியா கம்பெனி, நார்வேஜியன் பெர்முடா கம்பெனி. மூன்றுக்கும் தலைமை அலுவலகம் மயாமி வட்டாரத்தில். பயணிகளில் பெரும்பகுதி அமெரிக்கர்கள். துறைமுகக் கட்டணமும் தலைக்கு இவ்வளவு என்ற வரியும் நிறையக் கட்டுகிறோம் என்று நிறுவனங்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால் அந்தத் தொகை டிக்கெட்டோடு சேர்த்துப் பயணியிடம் வசூலாகிறது. லாபத்தின் மீதான வரி வேறு கணக்கு.

கொடி விஷயமும் அப்படித்தான். எந்த நாட்டில் கப்பல் பதிவாகிறதோ அந்த நாட்டின் தொழிலாளர் சட்டமும் பாதுகாப்பு விதியும் விபத்து விசாரணை உரிமையும் கப்பலோடு போகும். பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா ஆகிய பெயர்களைப் பயணிகள் கப்பல்களின் பின்புறத்தில் அடிக்கடி பார்க்கலாம். பதிவை மாற்ற எழுத்து வேலை போதும். குனார்டின் கப்பல்கள் 171 வருடப் பிரிட்டிஷ் பதிவை விட்டு 2011-இல் பெர்முடாவுக்குப் போனபோது நிறுவனம் சொன்ன காரணம் கல்யாணம்! பெர்முடா கொடி இருந்தால் நடுக்கடலில் கேப்டனே திருமணம் செய்துவைக்கலாம். பிரிட்டிஷ் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. நடுக்கடல் கல்யாணம் நல்ல வருமானம் தரும் தொழில்தான், மறுக்கவில்லை. ஒரு கப்பலின் நாட்டையே மாற்ற அந்த ஒரு காரணம் போதுமானதாக இருக்கிறது என்பதிலேயே கொடிக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு எவ்வளவு மெல்லியது என்பது தெரிகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது?

2019-இன் வருவாயில் டிக்கெட் விற்றது சுமார் 1,410 கோடி டாலர். கப்பலுக்குள் விற்றதும் அதைச் சார்ந்ததும் சுமார் 630 கோடி டாலர். மது, சூதாட்டக் கூடம், ஸ்பா, கடைகள், இணையம், துறைமுகங்களில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் பேருந்துப் பயணம் எல்லாம் இதில் அடங்கும். டிக்கெட் விலையைக் குறைத்தாவது கேபினை நிரப்பிவிட வேண்டும் என்று நிறுவனங்கள் துடிப்பதற்குக் காரணம் இதுவே. காலிக் கேபின் மது வாங்காது.

கரையில் செலவாகும் பணத்தையும் விட்டுவைப்பதில்லை. ஹாலந்து அமெரிக்கா லைன் 1996-இல் பஹாமாஸில் ஒரு தீவையே வாங்கி ஹாஃப் மூன் கே என்று பெயரிட்டது. 2025 ஜூலையில் கார்னிவல் கிராண்ட் பஹாமா தீவில் செலிப்ரேஷன் கீ என்ற தன் சொந்த இறங்குதளத்தைத் திறந்தது. பயணி ‘வெளிநாட்டில்’ இறங்கினாலும் நிறுவனத்தின் வளாகத்துக்குள்தான் நடக்கிறார். உள்ளூர் ஆட்டோக்காரர் மாதிரி ஒருவர் வெளியே காத்திருந்தாலும் பலனில்லை.

கப்பல் கட்டுவதிலும் ஒரு தந்திரம் உண்டு. பெரிய பயணிகள் கப்பல் கட்டத் தெரிந்த தளங்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணும்படிதான்: இத்தாலியின் ஃபின்கான்டியெரி, ஜெர்மனியின் மேயர் வெர்ஃப்ட், ஃபின்லாந்தின் துர்க்கு தளம், பிரான்சின் செயின்ட் நசேர் தளம். அந்தந்த நாட்டு அரசின் ஏற்றுமதிக் கடன் நிறுவனங்கள் உத்தரவாதம் தருவதால் கப்பல் வாங்குகிறவருக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கிறது. தங்கள் ஊர்த் தொழிலாளிக்கு வேலை வேண்டும் என்பதால் ஐரோப்பிய அரசுகள் இதைச் செய்கின்றன. டைமண்ட் பிரின்சஸைக் கட்டிய மிட்சுபிஷி, பிறகு கார்னிவலின் ஐடா நிறுவனத்துக்கு இரண்டு கப்பல் கட்டப்போய்ப் பெரும் நஷ்டப்பட்டு, 2016-இல் பெரிய பயணிகள் கப்பல் கட்டுவதிலிருந்தே விலகிக்கொண்டது.

மூன்றாம் டெக்

இனி யோகோஹாமாவுக்குத் திரும்புவோம். பிப்ரவரி 5-ஆம் தேதி முதல் பயணிகள் தங்கள் கேபினை விட்டு வெளியே வரக்கூடாது. அப்படியானால் 2,666 பேருக்கு மூன்று வேளைச் சாப்பாட்டைச் சமைத்து, தட்டில் வைத்து, கதவு கதவாகக் கொண்டுபோய்க் கொடுப்பது யார்? ஊழியர்கள். தனிமைப்படுத்தல் நடக்க வேண்டுமானால் அவர்கள் தனிமையில் இருக்க முடியாது. அவர்கள் ஒரே கேபினைப் பங்கிட்டுப் படுத்தார்கள், ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டார்கள், மறுநாள் காலை மறுபடியும் தட்டுகளைத் தூக்கினார்கள்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பிறகு வெளியிட்ட ஆய்வில் ஒரு விவரம் இருக்கிறது. பிப்ரவரி 9-ஆம் தேதி வரை தொற்று உறுதியான ஊழியர்கள் 20 பேர். அவர்களில் 15 பேர் உணவுப் பிரிவில் வேலை செய்தவர்கள். 16 பேரின் படுக்கை மூன்றாம் டெக்கில். உணவுப் பிரிவு ஊழியர்கள் தங்கும் தளம் அது. இந்த வணிகத்தை விளக்கும் எத்தனையோ ஆண்டறிக்கைகளைவிட இந்த ஒரு வரி எனக்கு அதிகம் சொல்கிறது. ஆபத்து எங்கே போய்த் தங்கியது என்பதை அது தளத்தின் எண்ணோடு காட்டிவிடுகிறது.

கப்பலில் இந்தியர்கள் 138 பேர். அவர்களில் 132 பேர் ஊழியர்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் உட்படச் சிலர் தங்களை மீட்கும்படி கேட்டுக் காணொளி வெளியிட்டார்கள். முகக்கவசத்தோடு நின்று, தொற்று இல்லாதவர்களையாவது பிரித்துவையுங்கள் என்று கெஞ்சிய அந்த முகங்களை நம் தொலைக்காட்சிகளில் பார்த்தோம். அமெரிக்கா தன் பயணிகளை பிப்ரவரி 17-ஆம் தேதியே இரண்டு விமானங்களில் அழைத்துக்கொண்டது. இந்தியர்கள் 119 பேரும், இலங்கை, நேபாளம், தென்னாப்பிரிக்கா, பெரு நாடுகளைச் சேர்ந்த ஐந்து பேரும் ஏர் இந்தியா விமானத்தில் டெல்லி வந்து இறங்கியது பிப்ரவரி 27-ஆம் தேதி. இடைப்பட்ட பத்து நாள் இடைவெளியை விமான ஏற்பாட்டுத் தாமதம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பயணி இறங்கினால் கப்பலுக்கு ஒன்றும் ஆகாது. ஊழியர் இறங்கினால் கப்பல் நின்றுவிடும்.

இந்த வேலைக்கு ஆட்கள் எப்படி வருகிறார்கள் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியும். ஓட்டல் மேலாண்மை அல்லது கேட்டரிங் படித்துவிட்டு, சி.டி.சி. (கப்பல் ஊழியருக்கு அரசு தரும் அடையாளப் பதிவேடு) எடுத்து, பாதுகாப்புப் பயிற்சி முடித்து, மும்பையிலோ கோவாவிலோ இருக்கும் ஏஜென்சி வழியாக நேர்காணலுக்குப் போவார்கள். கான்ட்ராக்ட் ஆறு முதல் ஒன்பது, பத்து மாதம். சைன் ஆன் ஆன நாளிலிருந்து சைன் ஆஃப் ஆகும் நாள் வரை வார விடுமுறை என்று ஒன்று நடைமுறையில் இருக்காது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-இல் அதை ஏற்றது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும் என்பது அதன் விதி. கணக்குப் போட்டால் ஒரு நாளில் 14 மணி நேரம்வரை வேலை வாங்க அது இடம் கொடுக்கிறது. பாதுகாப்புக்காக வைத்த அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே பல பிரிவுகளின் நேர அட்டவணை ஓடுகிறது.

சம்பளமும் ஒரு சீராக இருக்காது. பல பிரிவுகளில் வருமானத்தின் பெரும்பகுதி பயணி கணக்கில் தினமும் ஏறும் டிப்ஸைச் சார்ந்தது. கேப்டனும் உயர் அதிகாரிகளும் பெரும்பாலும் இத்தாலி, பிரிட்டன், நார்வே, கிரீஸ் போன்ற நாட்டவர். சமையலறை, துணி துவைக்கும் அறை, கேபின் பணி எல்லாம் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா. எந்த நாட்டு ஆளுக்கு எந்த வேலை என்று எழுதப்படாத ஒரு பிரிவினை இருக்கிறது. நிறுவனங்கள் இதைப் ‘பன்னாட்டுக் குழு’ என்று விளம்பரத்தில் கொண்டாடுகின்றன. மணிலாவிலோ மங்களூரிலோ கிடைக்காத சம்பளம் என்பதால் இளைஞர்கள் போகிறார்கள், குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்தச் சம்பளம் மயாமி கணக்கில் மலிவாகவும் மதுரை கணக்கில் பெரிதாகவும் இருக்கும் இடைவெளியில்தான் இந்தத் தொழிலின் லாபம் நிற்கிறது.

எண்ணெய்ப் பதிவேடு

யாராலும் பிடிக்க முடியாத தொழில் என்று நினைத்துவிட வேண்டாம். அதே பிரின்சஸ் நிறுவனத்தின் கரீபியன் பிரின்சஸ் கப்பலில் நடந்த ஒன்றைப் பார்க்கலாம். 2013 ஆகஸ்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பொறியாளர், எஞ்சின் அறைக் கழிவு எண்ணெயைச் சுத்திகரிப்புக் கருவிக்குள் விடாமல் நேராகக் கடலில் கொட்ட ஒரு குழாய் பொருத்தியிருப்பதைக் கண்டார். கப்பல் வட்டாரத்தில் இதற்கு ‘மேஜிக் பைப்’ என்று பெயர். இங்கிலாந்துக் கரைக்கு 23 மைல் தூரத்தில் 4,227 காலன் கொட்டப்பட்டது. கப்பல் சௌத்தாம்ப்டன் வந்ததும் அவர் வேலையை விட்டுவிட்டு பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் சொன்னார். தலைமைப் பொறியாளர் குழாயைக் கழற்றச் சொல்லி, கீழே இருப்பவர்களைப் பொய் சொல்லவும் சொன்னார். 2005 முதலே இந்தப் பழக்கம் இருந்தது விசாரணையில் வெளிவந்தது.

கப்பல் பெர்முடா பதிவு, கொட்டியது இங்கிலாந்துக்குப் பக்கத்தில். ஆனால் வழக்குப் போட்டது அமெரிக்கா. எப்படி? கழிவு எண்ணெயை என்ன செய்தோம் என்று ஒவ்வொரு கப்பலும் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். பொய்யாக எழுதிய அந்தப் பதிவேட்டோடு அமெரிக்கத் துறைமுகத்துக்குள் நுழைந்ததே குற்றம். நடுக்கடலில் நடந்த குற்றத்தைப் பிடிக்க முடியாதபோது, துறைமுகத்தில் காட்டிய பொய்யைப் பிடித்தார்கள். தகவல் கொடுத்தவருக்கு அபராதத்தில் பாதிவரை வழங்கவும் அந்த நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. கீழ்மட்ட ஊழியர் வாய் திறக்கத் துணிவதற்கு அதுவும் ஒரு காரணம். 2016 டிசம்பரில் பிரின்சஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் கட்டியது. கார்னிவலின் எட்டு நிறுவனங்களும் ஐந்து வருடம் நீதிமன்றக் கண்காணிப்பில் வைக்கப்பட்டன. அந்தக் கண்காணிப்பு விதிகளையும் மீறியதற்காக 2019 ஜூனில் இன்னும் 2 கோடி டாலர். 300 கோடி லாபம் பார்த்த வருடத்தில் இந்தத் தொகை பெரிய அடி இல்லை என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் மயாமி நீதிமன்றத்தில் நீதிபதி முன்னால் குழுமத்தின் உயர் அதிகாரிகளே வந்து நின்று பதில் சொல்ல நேர்ந்தது. பனாமா முகவரி அங்கே உதவவில்லை.

கொடி இல்லாதபோது

2020 மார்ச்சில் உலகத்தின் பயணிகள் கப்பல்கள் எல்லாம் நின்றன. அமெரிக்க அரசு பெரிய தொழில்களுக்கு நிதியுதவிச் சட்டம் கொண்டுவந்தபோது, அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட நிறுவனங்களுக்கு மட்டுமே என்ற நிபந்தனை வைத்தது. பனாமா கம்பெனி வெளியே நின்றது. பல வருடம் வரியை மிச்சப்படுத்திய அதே முகவரி, கஷ்டம் வந்த அன்று கதவை மூடியது.

கார்னிவல் சந்தைக்குப் போனது. ஜனவரியில் 50 டாலர் வாக்கில் இருந்த பங்கை ஏப்ரலில் 8 டாலருக்கு விற்றது. கப்பல்களை அடகு வைத்து 400 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது, வட்டி 11.5 சதவீதம். சவுதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியம் 8.2 சதவீதப் பங்கை வாங்கியது. அந்த வருட நஷ்டம் 1,020 கோடி டாலர். கார்னிவல் ஃபேன்டசி உள்ளிட்ட பழைய கப்பல்கள் துருக்கியின் அலியாகா கரையில் உடைக்கப் போயின. கப்பல்களில் மாட்டிக்கொண்ட ஊழியர்களை பல துறைமுகங்கள் இறக்க விடாததால், நிறுவனம் அவர்களைத் தன் கப்பல்களிலேயே ஏற்றிக் கடல் தாண்டி ஊர் ஊராகக் கொண்டுபோய் விட்டது. சம்பளம் நின்றுபோன நிலையில், ஜன்னல் இல்லாத கேபினில் பல வாரம் இருந்தவர்கள் உண்டு. இதை நிறுவனத்தின் குற்றமாக மட்டும் நான் பார்க்கவில்லை; கதவை அடைத்த நாடுகளுக்கும் அதில் பங்கு இருந்தது.

ஆச்சரியம், தொழில் மீண்டுவிட்டது. 2024-இல் கார்னிவலின் வருவாய் 2,500 கோடி டாலர், 2019-ஐயும் தாண்டியது. கடன் மட்டும் இன்னும் முதுகில் இருக்கிறது.

டிக்கெட்டில் எழுதியது

1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கார்னிவல் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. வாஷிங்டன் மாநிலத்துப் பெண் ஒருவர் லாஸ் ஏஞ்சலஸில் கப்பல் ஏறினார். மெக்சிகோவுக்கு அருகே, சமையலறையைச் சுற்றிப் பார்க்கும்போது வழுக்கி விழுந்தார். வழக்குப் போட்டால் ஃப்ளோரிடாவில்தான் போட வேண்டும் என்று டிக்கெட்டில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தது. நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போகச் சொல்லும் அந்த நிபந்தனை செல்லும் என்று நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் சொன்னது. வழக்கு நடக்கும் இடம் நிச்சயமாக இருந்தால் நிறுவனத்துக்குச் செலவு குறையும், டிக்கெட் விலையும் குறையும் என்பது நீதிபதிகளின் வாதம். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு இந்த நிபந்தனை தொழிலின் அடித்தளமாகிவிட்டது. ஊழியர் கான்ட்ராக்டிலும் நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் மன்றம், அதுவும் நிறுவனம் குறிப்பிடும் நாட்டில் என்ற வாசகம் சாதாரணமாக இருக்கிறது.

முப்பது வருடம் கழித்து ஆஸ்திரேலியாவில் வேறு பதில் வந்தது. 2020 மார்ச் 8-ஆம் தேதி சிட்னியிலிருந்து கிளம்பிய ரூபி பிரின்சஸ், 19-ஆம் தேதி திரும்பி எல்லாப் பயணிகளையும் இறக்கிவிட்டது. தொற்று பலநூறு பேருக்கு. 28 மரணங்கள் அந்தப் பயணத்தோடு தொடர்புபடுத்தப்பட்டன. பயணிகள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். அமெரிக்க நிபந்தனைகளின்படி டிக்கெட் எடுத்தவர்கள் கூட்டு வழக்கில் சேர முடியாது, கலிபோர்னியாவுக்குப் போகட்டும் என்று நிறுவனம் வாதிட்டது. அப்படி எடுத்தவர்களின் சார்பில் நின்றவர் ஒரு கனடாக்காரர். 2023 டிசம்பர் 6-ஆம் தேதி ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், கூட்டு வழக்கு உரிமையைப் பறிக்கும் அந்த வாசகம் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனை, செல்லாது என்றது. ஆஸ்திரேலியாவில் வணிகம் செய்கிற நிறுவனம் வெளிநாட்டில் விற்ற டிக்கெட்டுக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் பொருந்தும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதற்கு முன் அக்டோபரில் கீழ் நீதிமன்றம் கார்னிவல் கவனக்குறைவாக நடந்தது என்று தீர்ப்பளித்திருந்தது. வழக்கை முன்னின்று நடத்திய பெண்ணுக்குக் கிடைத்த தொகை சுமார் 4,400 ஆஸ்திரேலிய டாலர், அதுவும் மருத்துவச் செலவுக்கு. தொகை சிறியதுதான். கப்பல் எந்தக் கரையைத் தொடுகிறதோ அந்தக் கரையின் சட்டம் டிக்கெட் வாசகத்தைத் தாண்டி நிற்கும் என்று ஒரு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்னது பெரியது.

கரை கையில் இருக்கிறது

இந்த வழக்குகளை வரிசையாகப் படித்த பிறகு என் முடிவு இது: கொடி நாட்டிடம் பொறுப்பை எதிர்பார்ப்பது வீண். பதிவுக் கட்டணம் வாங்குகிற நாடு தன் வாடிக்கையாளரை விரட்டாது. பிடி இருப்பது துறைமுகத்திடம். கம்பெனியின் முகவரியை மாற்றலாம், கொடியை மாற்றலாம். வெனிஸையும் அலாஸ்காவையும் பனாமாவுக்குக் கொண்டுபோக முடியாது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸின் மையக் கால்வாய்களுக்குள் வரக்கூடாது என்று இத்தாலி 2021 ஆகஸ்ட் முதல் தடுத்தது. அலாஸ்காவின் ஜூனோ நகரம் நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்ற எல்லையை நிறுவனங்களோடு பேசி 2024 முதல் கொண்டுவந்தது. நிறுவனங்கள் முணுமுணுத்தன; கப்பல்கள் தொடர்ந்து வருகின்றன.

நம் கரைக்கும் இந்தத் தொழில் வந்துவிட்டது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய, கார்டிலியா என்ற இந்திய நிறுவனத்தின் எம்பிரஸ், 1990-இல் செயின்ட் நசேரில் ராயல் கரீபியனுக்காகக் கட்டப்பட்ட கப்பல். அதில் சூதாட்டக் கூடம் இருக்கிறது என்பதால் புதுச்சேரி அதைக் கரையேற விடவில்லை. நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஒரு சின்ன யூனியன் பிரதேசத்தால் மறுக்க முடிந்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். அடுத்த வருடம் அதே கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் போனது. சென்னைத் துறைமுகமும் இலங்கைத் துறைமுகங்களும் வரும் கப்பல்களுக்கு வரவேற்பு விழா நடத்துவதோடு, ஊழியர் ஓய்வு நேரப் பதிவேட்டையும் கழிவுப் பதிவேட்டையும் திறந்து பார்க்கும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான அதிகாரம் உடன்படிக்கைகளில் ஏற்கெனவே இருக்கிறது.

ஊழியர் பக்கமும் ஏதோ நகர்ந்திருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2022-இல் செய்த திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 முதல் அமலில் உள்ளன: உடனடி மருத்துவம் தேவைப்படும் ஊழியரைத் தாமதமின்றிக் கரையிறக்க வேண்டும் என்பது இப்போது நாடுகளின் கடமை. யோகோஹாமாவில் அந்த விதி இருந்திருந்தால் முழுதும் மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். கேட்பதற்கு ஒரு வாசகமாவது இருந்திருக்கும்.

கப்பலுக்குப் போக நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வேலை வாங்கித் தருவதற்கு ஏஜென்ட் பணம் கேட்டால் அது உடன்படிக்கைக்கே விரோதம். மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், சி.டி.சி. போன்ற செலவுகள் மட்டும்தான் உங்களுடையவை. ஏஜென்சிக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் (கப்பலுக்கு ஆள் சேர்க்க அரசு தரும் அனுமதி) இருக்கிறதா என்று கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் பட்டியலில் பாருங்கள். கான்ட்ராக்டில் சம்பளப் பக்கத்தோடு நிறுத்திவிடாமல் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: கப்பல் எந்த நாட்டுக் கொடி, தகராறு வந்தால் எந்த ஊரில் தீர்ப்பு, பயணம் நடுவில் நின்றால் ஊர் திரும்பும் செலவு யாருடையது. புரியாவிட்டால் சென்னையில் இருக்கும் மெர்க்கன்டைல் மரைன் அலுவலகத்தில் கேளுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே.